ஒன்றாம் தேதி பிறந்தவள்

1998 ஏப்ரல் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, அம்புஜம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். தில்லி ஆர்.கே. புரத்தில் ஒரு புள்ளிவிவர அலுவலகம். அங்கே இரண்டு மாதம் குறைய முப்பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டாள்.

சேர்ந்தபோது அவள் பதவிக்கே கம்ப்யூட்டர் என்றுதான் பெயர். அந்தப் பெயரில் அலுவலகத்துக்கு யந்திரம் எதுவும் வந்திராத காலம். கணக்குப் போடுகிற ஆளைத்தான் அப்படிச் சொன்னார்கள். "நாள் பூரா கூட்டிப் பெருக்கற வேலை" என்று அவள் சொல்லப்போக, கும்பகோணத்து அத்தை ஒருத்தி துடைப்பத்தை நினைத்துக்கொண்டு வருத்தப்பட்டாளாம். பிறகு பதவிகளின் பெயர் மாறியது. வேலை மட்டும் அதேதான். ஒவ்வொரு நாட்டு ஜனங்களையும் வயதுப்படி மூன்றாகப் பிரிப்பது. பதினைந்துக்குக் கீழே ஒரு கட்டம், பதினைந்திலிருந்து அறுபத்துநாலு வரை ஒரு கட்டம், அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஒரு கட்டம். நடுக் கட்டத்தில் இருப்பவர்கள் உழைக்கிற வயதுக்காரர்கள். இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் அவர்களைச் சார்ந்திருப்பவர்கள். நடுவில் நூறு பேர் என்றால் ஓரங்களில் எத்தனை பேர் என்பது சார்பு விகிதம். எண்பதுகளில் கென்யாவில் நூறு பேருக்கு நூற்றுப்பத்துக்கு மேல். ஜப்பானில் நாற்பத்து நாலு. இந்தியா எழுபது சொச்சத்தில் இருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

பிரிவு உபசாரத்துக்கு சமோசாவும் காஜு பர்ஃபியும் வாங்கியிருந்தார்கள். சாப்பாடு சூடு ஆறாமல் வைக்கிற மூன்று கேசரோல் அடங்கிய ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். டைரக்டர் பேசும்போது, "அம்புஜம்ஜி போட்ட அட்டவணைப்படி பார்த்தால் இன்னும் ஏழு வருஷத்துக்கு அவர் உழைக்கிற வயதுக்காரர்தான். நாம்தான் அவசரப்பட்டு ஓரத்துக் கட்டத்துக்குத் தள்ளுகிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்புஜமும் சிரித்தாள். பெட்டி கனமாக இருந்ததால் அவளுடைய சிநேகிதி லதா சார்ட்டர்ட் பஸ் வரை தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த சார்ட்டர்ட் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜனக்புரியிலிருந்து ஆர்.கே. புரத்துக்கு மாதக் கட்டணத்தில் அலுவலகக்காரர்களை ஏற்றிப் போகும் பஸ். அம்புஜத்துக்கு அதில் இடது பக்கம் நாலாவது ஜன்னல். குளிர்காலத்தில் பெண்கள் மடியில் பச்சைப் பட்டாணியைப் போட்டு உரித்துக்கொண்டே வருவார்கள். யாராவது ஸ்வெட்டர் பின்னுவார்கள். காலையில் ஐம்பது நிமிஷம், மாலையில் ஒரு மணி. அந்த நேரத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. அதைப் பெரிதாக அவள் அப்போது நினைத்ததில்லை.

வீட்டில் அவள் கணவர் சேஷன். ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 1996 ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். இரண்டு வருஷமாக, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பிம்லா என்கிற ஆயா அவரைப் பார்த்துக்கொண்டாள். உத்தம் நகரிலிருந்து வருவாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள். ஒரே பெண் ஸ்ம்ருதி, கல்யாணமாகி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருந்தாள்.

அம்புஜம் கேசரோல் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது பிம்லா செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"தீதி, நாளையிலேர்ந்து எனக்கு சி பிளாக்ல வேலை கெடச்சிருக்கு" என்றாள் ஹிந்தியில். "நீங்கதான் இனிமே வீட்டுலயே இருக்கப்போறீங்களே."

அம்புஜம் யோசிக்கக்கூட இல்லை. "அச்சா" என்றாள்.

பிம்லா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்காரி சொன்னாள், கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள், ஸ்ம்ருதி போனில் சொன்னாள். 'நல்லவேளை, இனி கூடவே இருந்து பார்த்துக்கலாம்.' அம்புஜம் ஒவ்வொருவருக்கும் ஆமாம் என்றாள்.

மே மாதம் தொடங்கியது. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். பிடித்து வைக்க வேண்டும். அறையைக் குளிர வைக்கிற கூலரில் ஊற்ற வேண்டும். ஆறு மணிக்கு சேஷனைத் திருப்பி முதுகில் பவுடர் போட வேண்டும். காபியை ஸ்பூனால் கொடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு சார்ட்டர்ட் பஸ்ஸின் ஹாரன் தெருக்கோடியில் கேட்கும். அதற்குப் பிறகு பகல் அப்படியே நின்றுவிடும். சேஷனின் இடது கையும் வலது கையும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை மாதிரி இருக்கும் அவளுக்கு. இரண்டையும் சோப்பு போட்டுத் துடைப்பாள். அலுப்பும் இல்லை, துக்கமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்த மாதம் பதினோராம் தேதி பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். பதின்மூன்றாம் தேதி மறுபடியும். டிவியில் வேறு பேச்சே இல்லை. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். அதே பதின்மூன்றாம் தேதியிட்டு வந்த ஓர் அரசாங்க ஆணை அம்புஜத்தின் காதில் விழவேயில்லை.

சனிக்கிழமை லதா வந்தாள். லதாவும் அம்புஜமும் முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள். சர்வீஸ் புத்தகப்படி லதா அம்புஜத்தைவிட எட்டு நாள் சின்னவள். மே முப்பத்தொன்றாம் தேதி அவளுக்கும் ஓய்வு.

அம்புஜம் சேஷனுக்கு மோர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். லதா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அம்பு, உனக்கு விஷயம் தெரியுமோ?"

"என்ன?"

"ரிடயர்மென்ட் வயசை அறுபதாக்கிட்டா. ஆர்டர் வந்துடுத்து."

"அப்படியா. நல்லதாப் போச்சு. உனக்கு ரெண்டு வருஷம் இருக்கு."

"எனக்கு இருக்குடி. உனக்கு இல்லையே. ஏப்ரலோட போனவாளுக்குக் கெடையாதாம். மே கடைசியிலே போறவாள்லேர்ந்துதானாம். நீ மே மாசம் பொறந்தவதானே? ஒண்ணாந்தேதி பொறந்துட்டே, அவ்வளவுதான்."

அரசாங்க விதி அப்படி. எந்த மாதத்தில் ஐம்பத்தெட்டு முடிகிறதோ அந்த மாதக் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். அம்புஜத்தின் சர்வீஸ் புத்தகத்தில் 1-5-1940 என்று இருந்தது. இரண்டாம் தேதி என்று இருந்திருந்தால் அவள் இன்னும் இரண்டு வருஷம் நாலாவது ஜன்னலில் உட்கார்ந்து போயிருப்பாள்.

அம்புஜம் ஸ்பூனில் சாதத்தை எடுத்து சேஷனின் வாயில் வைத்தாள். அவர் மெல்லவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முழுங்குங்கோன்னா" என்றாள். பிறகு லதாவிடம், "காபி கலக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு வயிறு எரியலையா?"

"தெரியலே. இரு, பால் பொங்கிடப் போறது."

லதா அழுதுவிட்டுப் போனாள். லதா அழுததற்கு அம்புஜம்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

விஷயம் ஸ்ம்ருதிக்குப் போயிற்று. அன்று ராத்திரியே போன் பண்ணினாள்.

"அம்மா, உன்னோட ரியல் பர்த்டே மே ஒண்ணே இல்லையே! ஆவணி மாசம்தானே? அதுவும் ஃபார்ட்டி-ஒன்! கேஸ் போடும்மா."

அது உண்மைதான். அம்புஜம் பிறந்தது 1941 ஆவணியில். அவளுக்கு ஐந்து வயது ஆகும்போது அப்பா ராமசுப்ரமணியன் குடும்பத்தைக் கும்பகோணத்திலிருந்து தில்லிக்குக் கூட்டி வந்தார். கரோல் பாக்கில் இரண்டு அறை வீடு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஒன்றாம் வகுப்பில் இடம் இல்லை, வயது இருந்தால் இரண்டாம் வகுப்பில் போடலாம் என்றார்கள். அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எழுதிக்கோங்கோ, நாப்பது மே ஒண்ணு" என்றார். ஏன் ஒன்று என்று யாரும் கேட்கவில்லை. மனசில் நிற்கும்படியான தேதி, அவ்வளவுதான். அந்தத் தேதியால் அவளுக்குப் படிப்பு ஒரு வருஷம் முன்னாடி முடிந்தது, வேலை ஒரு வருஷம் முன்னாடி கிடைத்தது. பதினெட்டு நிறையாமலே அரசாங்கச் சம்பளம் வாங்கினவள் அவள். அப்பாவைக் குறை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"அதெல்லாம் இப்போ முடியாது" என்று போனை வைத்துவிட்டாள்.

கட்டிலிலிருந்து சேஷன் இடது கையால் பலகையைத் தட்டினார்.

"எழுது" என்றார்.

"என்ன எழுதணும்?"

"மனு. எழுது."

"எழுதி என்னன்னா ஆகப்போறது?"

"எழுது" என்று மறுபடி தட்டினார். ஒரு வாரம் விடாமல் தட்டினார். வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான். கடைசியில் அவருக்காக அவள் ஒரு பக்கம் எழுதினாள். பிம்லாவின் நாத்தனாரை ஒரு நாளைக்கு வந்து இருக்கச் சொல்லிவிட்டு, ஜூன் முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை அலுவலகத்துக்குப் போனாள்.

நிர்வாகப் பிரிவில் செக்ஷன் ஆபீஸர் தர்மன். வேலூர்க்காரர். மரியாதை தெரிந்த மனிதர். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க மேடம். டீ சொல்றேன்."

மனுவை முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், பிறந்த தேதியைத் திருத்தணும்னா சர்வீஸ்ல சேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கேக்கணும். நீங்க சேர்ந்தது ஐம்பத்தொம்பது. அறுபத்துநாலோட முடிஞ்சுபோச்சு. அப்பவே ஒரு லெட்டர் குடுத்திருக்கலாம்."

"அறுபத்துநாலுல எனக்குக் கல்யாணம்" என்றாள் அம்புஜம்.

தர்மன் தலையை ஆட்டினார். "மேல அனுப்பி வைக்கட்டுமா? திரும்பி வந்துடும். ஆனா அனுப்பலாம்."

"வேண்டாம். அவர் எழுதச் சொன்னார், எழுதினேன்."

மனுவை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தாள். தன் பழைய அறைப் பக்கம் போகவில்லை. லதாவையும் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. நாத்தனார்க்காரி ஆறு மணி வரை இருப்பாள். நேரே வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. அம்புஜம் ஏறவில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் ஏறி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கினாள்.

வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அப்பளம் வாங்கினாள், நாலு முருங்கைக்காய் வாங்கினாள். மீன்காரர்களின் சத்தத்தைத் தாண்டி, ஒரு கடையின் கூலர் காற்றில் ரொம்ப நேரம் நின்றாள். கடைக்காரர் ஸ்டூல் போட்டார். உட்கார்ந்தாள். வருகிறவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் இட்லி அரிசி கேட்டார், ஒருத்தி வத்தல் கேட்டாள். மணி நாலு ஆனபோது எழுந்தாள்.

வீட்டுக்கு வரும்போது ஆறாகப் பத்து நிமிஷம். கதவைத் திறந்ததும் சேஷன் தலையைத் திருப்பினார். முகத்தில் இடது பாதி மலர்ந்தது.

"வந்துட்டியா" என்றார்.

"வந்துட்டேன். நடக்காதாம். அஞ்சு வருஷத்துக்குள்ளே கேக்கணுமாம்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசினதில்லை.

"நீ போயிண்டிருந்தப்போ... சாயங்காலம் வருவே. இப்போ... வர்றதே இல்லே."

அம்புஜம் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவர் எதற்கு ஒரு வாரமாகக் கட்டிலைத் தட்டினார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அழுகை வருமோ என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. முருங்கைக்காயை நறுக்கப் போனாள்.

கல்யாணமான புதிதில் சேஷனுக்கு அவள் வேலை ஒரு விளையாட்டு மாதிரி. சாயங்காலம் காபி டம்ளரோடு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு எந்த தேசம்?" என்று கேட்பார். ஸ்வீடன் என்பாள். நூற்றுக்கு எத்தனை என்று அவர் ஊகிப்பார். கணக்குக்காரர் ஆனதால் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடுவார். இருவருமே வெளிநாடு பார்த்ததில்லை. ஆனால் எந்த நாட்டில் குழந்தைகள் அதிகம், எங்கே கிழவர்கள் அதிகம் என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த புதன்கிழமையும் நாத்தனார்க்காரியை வரச் சொன்னாள். அதற்கடுத்த புதனும். காலை ஒன்பது மணிக்குப் புடவை மாற்றி, கைப்பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்னா" என்று கிளம்புவாள். எங்கே என்று அவர் கேட்டதில்லை. லோதி ரோடு பக்கம் ஒரு நூலகத்தில் வெளிநாட்டுப் புள்ளிவிவரப் புத்தகங்கள் வரும். அங்கே ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பாள். எப்போதாவது ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்ப்பாள். பாதி நாள் வெறுமனே உட்கார்ந்திருப்பாள். மாலை ஆறு மணிக்குத் திரும்பி வருவாள்.

"இன்னிக்கு?" என்பார் சேஷன்.

"ஜப்பான். நாப்பத்தாறு ஆயிடுத்து."

"ஏறியிருக்கே."

"ஆமாம். முன்னாடியெல்லாம் சின்னவாளாலே ஏறும். இப்போ பெரியவாளாலே ஏறறது. அங்கே கொழந்தைகளைவிட வயசானவா ஜாஸ்தியாயிட்டா."

அவர் கண்ணை மூடி அதை யோசிப்பார். வாரத்தில் ஆறு நாள் அவள் அவரைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவரிடம் வந்தாள். நாலு வருஷம் இப்படி நடந்தது. இதை லதாவிடம்கூட அவள் சொன்னதில்லை. 2000 மே மாதம் லதாவும் ஓய்வு பெற்றாள். அன்று கொடுத்த பர்ஃபியை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தாள். அவள் கூடுதலாக வேலையில் இருந்த இரண்டு வருஷத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஸ்ம்ருதியும் அவள் புருஷன் ஹரிஷங்கரும் ஜெர்மனிக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் அங்கே குறைவு என்று வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். "நம்மாத்துலேர்ந்து ரெண்டு பேர் அவா ஊர் நடுக் கட்டத்துக்குப் போயாச்சு" என்று அம்புஜம் சேஷனிடம் சொன்னாள். அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

2001 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தாள். சின்னப் பெண். முழங்காலில் அட்டை வைத்துக்கொண்டு எழுதினாள். அப்போதுதான் அம்புஜம் சேஷனைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது.

"போன வருஷம் ஏதாவது வேலை செய்தீர்களா ஆண்ட்டி?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"இல்லை."

"ஒரு நாள்கூட?"

"இல்லை."

வேலை செய்யாதவர்களுக்கு அந்தப் படிவத்தில் சில பிரிவுகள் இருந்தன. மாணவர், வீட்டு வேலை, சார்ந்திருப்பவர், பென்ஷன்காரர் என்று ஆசிரியை படித்தாள். அம்புஜம் பென்ஷன்காரர் என்று எழுதச் சொன்னாள்.

"அங்கிளுக்கு? பென்ஷன் வருதா?"

"பிரைவேட் கம்பெனி. வராது."

ஆசிரியை கட்டில் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "அப்போ சார்ந்திருப்பவர்னு போடறேன்" என்றாள்.

"போடு. ஆனா அவருக்கு அறுபத்தைந்து ஆச்சு. எப்படியும் அந்தக் கட்டத்திலேதான் வருவார்."

ஆசிரியைக்கு அது புரியவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

சேஷன் 2002 ஆகஸ்டில் இறந்தார். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, தண்ணீர் வருகிற நேரம். அம்புஜம் பக்கெட்டை நிரப்பிவிட்டு வந்து பார்த்தபோது போயிருந்தார். அவள் குழாயை மூடிவிட்டு வந்து, அவர் கண்ணை மூடினாள். பிறகு லதாவுக்குப் போன் பண்ணினாள். ஸ்ம்ருதியால் இரண்டாம் நாள்தான் வர முடிந்தது. பதின்மூன்று நாளும் அம்புஜம் வந்தவர்களுக்கு எல்லாம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தர்ப்பை எங்கே, நல்லெண்ணெய் எங்கே, மாற்று வேஷ்டி எங்கே. அழவில்லை. "அழுதுடும்மா" என்று ஸ்ம்ருதி கெஞ்சினாள். வரும்போது அழறேன் என்றாள் அம்புஜம்.

அவர் போன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் விழிப்பு வந்தது. திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை. புதன்கிழமைகளில் நூலகத்துக்குப் போவது தானாக நின்றுபோயிற்று. திரும்பி வந்து சொல்ல ஆள் இல்லாதபோது போவதில் என்ன இருக்கிறது.

அடுத்த வருஷம் ஸ்ம்ருதி டிக்கெட் அனுப்பினாள். அவளுக்கு அப்போது ஆறு மாதக் கைக்குழந்தை. 2003 ஜூலையில் அம்புஜம் கார்ல்ஸ்ரூஹே என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். நாற்பது வருஷமாக எண்களாகப் பார்த்த நாடு. டிராமில் ஏறினால் முன் வரிசை முழுக்க வெள்ளைத் தலை. கைத்தடி, தள்ளுவண்டி, காதில் யந்திரம். எல்லாம் அட்டவணையில் இருந்தபடியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் மாதம் அந்த ஊரில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டது. தில்லிக்காரிக்கு அது பெரிசில்லை. ஆனால் அங்கே மின்விசிறிகூடக் கிடையாது. சுவர்கள் குளிருக்காகக் கட்டினவை, உள்ளே வந்த சூட்டை வெளியே விடவில்லை. பக்கத்துத் தேசமான பிரான்ஸில் வயதானவர்கள் தனித்தனி வீடுகளில் ஆயிரக்கணக்கில் செத்துப்போவதாக ஹரிஷங்கர் செய்தி படித்துச் சொன்னான்.

கீழ்வீட்டில் கெர்டா என்று எண்பத்தாறு வயதுக் கிழவி தனியாக இருந்தாள். தினமும் காலையில் அவள் ஜன்னல் மறைப்பைத் தூக்கும் சத்தம் மேலே கேட்கும். ஒரு நாள் கேட்கவில்லை. ஸ்ம்ருதியும் ஹரிஷங்கரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்புஜம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள். கதவு திறந்தது. கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெடித்திருந்தது.

பாஷை கிடையாது. அம்புஜம் குழந்தையைத் தரையில் ஒரு துணி விரித்து விட்டாள். கெர்டாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். படுக்கை விரிப்பு இரண்டைத் தொட்டியில் நனைத்துப் பிழிந்து ஜன்னலில் தொங்கவிட்டாள். ஒரு துண்டை நனைத்து அவள் கையைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், முதுகுப் பக்கம் சட்டையைத் தளர்த்தித் துடைத்தாள். கிழவி முதலில் வெட்கப்பட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அம்புஜத்தின் கைகள் அவளைக் கேட்காமலே வேலை செய்தன. எந்தப் பக்கம் தாங்க வேண்டும், எங்கே அழுத்தக்கூடாது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

வெயில் அடங்கும் வரை எட்டு நாள் அப்படிப் போனாள். மோர் கரைத்துக் கொண்டுபோனாள். கெர்டா அதை முகம் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மேலே திரும்பி ஏறும்போது அம்புஜம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஸ்ம்ருதி வேலை முடிந்து வந்தவள் பார்த்தாள். குழந்தை பாட்டியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. சத்தம் இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லே. இந்தப் படி ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் உக்காந்தேன்."

ஸ்ம்ருதி பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செப்டம்பரில் ஸ்ம்ருதி பேச்சை எடுத்தாள். "இங்கேயே இருந்துடேன்மா. விசாவை நீட்டிக்கலாம். பாப்பாவை நீ பாத்துண்டா நான் நிம்மதியாப் போயிட்டு வருவேன்."

"இல்லேடா. நான் போறேன்."

"அங்கே யாரும்மா இருக்கா உனக்கு?"

"யாரும் இல்லே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நாப்பது வருஷமா யாரையாவது பாத்துண்டே இருந்தாச்சு. கொஞ்ச நாள் சும்மா இருக்கேன்."

ஸ்ம்ருதிக்கு மனசு சுருங்கியது. ஆனால் தனக்கு இது வேண்டும் என்று அம்மா வாயால் சொன்னதை அவள் அதுவரை கேட்டதே இல்லை. டிக்கெட்டை மாற்றாமல் விட்டுவிட்டாள்.

தில்லியில் மழை முடிந்திருந்தது. லதா விமான நிலையத்துக்கு வந்து டாக்ஸியில் கொண்டுவந்து விட்டாள். இரண்டு மாதம் பூட்டிக்கிடந்த பூட்டு இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். அடுத்த வீட்டுக்காரி ஒரு பாக்கெட் பால் கொடுத்தாள். லதா இருந்து உதவுகிறேன் என்றாள். வேண்டாம், நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டாள் அம்புஜம்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். இரண்டு அறையையும் பெருக்கித் துடைத்தாள். சேஷனின் கட்டிலை ஒருத்தியாகவே இழுத்து ஜன்னலோரம் போட்டாள். காற்று வந்தது. பகல் பதினோரு மணி. அதில் படுத்துக்கொண்டு, சாயங்காலம் வரை தூங்கினாள்.